ஒவ்வொரு முறையும் அதே இடத்திலா?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். நண்பனின் ஹெல்மெட்டில் மாட்டியிருந்த ஆக்‌ஷன் கேமராவில் நாற்பதும் பதிவாகியிருந்தன. அன்றிரவு விடுதி அறையில் கேபிளைச் செருகி, எல்லாக் கோப்புகளையும் தேர்ந்தெடுத்து, லேப்டாப்புக்குக் காப்பி கொடுத்தோம். பச்சைக் கோடு பாதியைத் தாண்டியதும் நின்றது. பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, பிடுங்கி மறுபடி செருகினோம். ஓடியது, நின்றது. "கேபிள்தான்டா, வேற மாத்து" என்றான் நண்பன். மாற்றினோம். அப்போதும் நின்றது. எந்தக் கோப்பில் நின்றது என்று இருவருமே குறித்துக்கொள்ளவில்லை. அது குறிக்கவேண்டிய தகவல் என்றே அன்று தோன்றவில்லை.

யுஎஸ்பி வழியாகக் கேமராவிலிருந்து படம் இறக்கும்போது பாதியில் அறுந்துபோவது எல்லோருக்கும் நடப்பது. காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கேபிள் என்பார் ஒருவர், கார்டு என்பார் இன்னொருவர், விண்டோஸைத் திட்டுவார் மூன்றாமவர். மூவரும் பொய் சொல்லவில்லை. கார்டிலிருந்து கணினியின் வட்டு வரைக்கும் ஒரு கோப்பு கடக்கும் வழியில் ஏழெட்டுக் கைமாற்றங்கள் இருக்கின்றன. எந்தக் கை நழுவவிட்டாலும் வெளியில் தெரிவது அதே நின்றுபோன பச்சைக் கோடுதான். எந்தப் பழுது எப்படிப்பட்ட நிற்றலை உண்டாக்கும் என்று பிரித்துப் பார்க்காதவரை, பரிந்துரைகள் எல்லாம் குருட்டாம்போக்குதான்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். நிக் உட்மன் 2002இல் தொடங்கிய கோப்ரோ நிறுவனம் 2004இல் விற்ற முதல் கேமரா, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமரா. ரோலைக் கழற்றி ஸ்டுடியோவில் கொடுத்தால் வேலை முடிந்தது. இன்றைய கேமராக்கள் உயர்ந்த தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதுகின்றன. அப்படியானால் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 45 ஜிகாபைட். 2000இல் வந்த யுஎஸ்பி 2.0 தரம் காகிதத்தில் 480 மெகாபிட் என்றாலும், நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் கிடைத்தால் அதிர்ஷ்டம். முப்பது என்றே வைத்தாலும் அந்த 45 ஜிகாபைட்டை இறக்க 25 நிமிடம் ஆகும். நான்கைந்து புகைப்படத்தை இறக்கும்போது ஒருநாளும் காட்டிக்கொடுக்காத தளர்ந்த இணைப்பு, 25 நிமிடத்துக்குள் ஒருமுறையாவது இளிக்கும். "போட்டோ எல்லாம் நல்லா வருது, வீடியோதான் நிக்குது" என்ற புகாருக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

இனி கேபிள். சென்னை ரிச்சி தெருவில் போய் ஒரு சி-டைப் கேபிள் கேட்டுப் பாருங்கள், விவரம் தெரிந்த கடைக்காரர் "சார்ஜிங்கா, டேட்டாவா?" என்று திருப்பிக் கேட்பார். யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. விலையைக் குறைக்கத் தகவல் கம்பிகளையே விட்டுவிட்டுச் செய்யும் கேபிள்கள் உண்டு. அவற்றில் கேமரா சார்ஜ் ஏறும், கணினிக்கு அப்படி ஒன்று வந்திருப்பதே தெரியாது. இது எளிதில் பிடிபடும் வகை. தொல்லை கொடுப்பது, கம்பி இருந்தும் மெல்லியதாக, நீளமாக, உறையில்லாமல் இருக்கும் கேபிள். யுஎஸ்பி 2.0க்கு விதி அனுமதிக்கும் உச்ச நீளம் 5 மீட்டர். என்னைக் கேட்டால் கேமராவுக்கு ஒரு மீட்டரைத் தாண்டவே வேண்டாம்.

கெட்ட கேபிள் படத்தைக் கெடுத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது அவ்வளவு எளிதில் நடக்காது. யுஎஸ்பி 2.0 தகவலை அதிகபட்சம் 512 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக அனுப்புகிறது. ஒவ்வொன்றின் வாலிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் இருக்கும். நம் 45 ஜிகாபைட் என்பது ஏறக்குறைய எட்டுக் கோடியே எண்பது லட்சம் பொட்டலங்கள். எண் பொருந்தாத பொட்டலம் குப்பைக்குப் போகும், மறுபடி கேட்கப்படும். அடுத்தடுத்து மூன்று முறை தோற்றால் கணினி அந்தக் குழாயையே அடைத்துவிடும். எனவே கெட்ட கேபிளின் அடையாளம் கெட்ட படம் அல்ல: மந்தமான வேகம், திடீர்த் துண்டிப்பு. துண்டிப்பு நிகழும் இடமும் ஒவ்வொரு முறையும் மாறும். கேபிளுக்கு எந்தக் கோப்பின் மீதும் தனிப்பட்ட வன்மம் கிடையாது.

கேபிளைப் பழி சொல்லுமுன் கேமராவின் துளையைப் பார்க்கவேண்டும். கடல், மணல், மழை, வியர்வை என்று போன கருவியின் சி-டைப் துளையில் உப்புப் படிந்திருப்பது சகஜம். இங்கே ஒரு சின்னச் சோதனை உண்டு. சி-டைப்பை எந்தப் பக்கமாகவும் செருகலாம் என்பதால் இரு பக்கமும் ஒன்றே என்று நினைக்கிறோம். ஆனால் கேபிள் முனையில் யுஎஸ்பி 2.0 தகவலுக்கான தொடுமுனைகள் ஒரு பக்கம்தான் இருக்கின்றன; துளைக்குள் இரு பக்கமும் இருக்கின்றன. திருப்பிச் செருகினால் துளையின் வேறு தொடுமுனைகள் வேலைக்கு வரும். ஒரு பக்கம் அறுந்து, திருப்பினால் ஓடுகிறது என்றால் கேபிள் கடைக்கு ஓடவேண்டாம். துளையை உலரவைத்துச் சுத்தம் செய்யவேண்டும்.

மின்சாரம் பற்றி இரண்டு வார்த்தை போதும். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் தரக் கடமைப்பட்டது, யுஎஸ்பி 3.0 போர்ட் 900. தீர்ந்துபோன பேட்டரியோடு கேமராவைச் செருகினால், சார்ஜ் ஏற்றுவதும் கார்டைப் படிப்பதும் கணினியோடு பேசுவதும் அந்த ஒரே போர்ட்டின் தலையில் விழும். அதே போர்ட்டைத் தனி மின்சாரம் இல்லாத ஹப் வழியாக வன்தட்டுக்கும் மவுஸுக்கும் பங்குபோட்டால் யாருக்காவது பட்டினிதான். மேசைக் கணினியின் முன்பக்கப் போர்ட்கள் உள்ளே ஒரு கேபிள் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன. பின்பக்கப் போர்ட்கள் நேரடியாக அதிலேயே பொருத்தப்பட்டவை. குனிந்து பின்னால் செருகும் சிரமத்துக்குப் பலன் உண்டு. காப்பி ஓடும்போது வயர்லெஸ் மவுஸ் திக்கினால் கணினி தொங்கிவிட்டது என்று எண்ணிப் பிடுங்கிவிடாதீர்கள். யுஎஸ்பி 3.0 இணைப்பின் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும் என்று இன்டெல் 2012இலேயே ஓர் அறிக்கை வெளியிட்டது. திணறுவது மவுஸ் மட்டுமாக இருக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பொதுவாகத் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாத இடம் அடுத்தது: கேமராவும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி.

பென் டிரைவைச் செருகினால் அது தன்னை ஒரு வட்டாக ஒப்படைத்துவிடுகிறது. எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கணினியே நேராகப் படித்துக்கொள்ளும். பெரும்பாலான கோப்ரோக்கள் அப்படிச் செய்வதில்லை. அவை எம்டிபி என்ற நெறிமுறையில் பேசுகின்றன. புகைப்படக் கேமராக்களுக்காக வந்த பிடிபி நெறிமுறையை விரித்து மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது இது. 2008இல் யுஎஸ்பி தரங்களில் ஒன்றாக ஏற்கப்பட்டது. இதில் கார்டின் சாவி கணினியின் கைக்கு வராது. ரேஷன் கடை மாதிரி: உள்ளே போய் நாமே எடுக்க முடியாது. "என்னென்ன இருக்கிறது?" என்று கணினி கேட்கும், கேமரா பட்டியல் தரும், "இதைக் கொடு" என்று கேட்கும், கேமரா எடுத்துத் தரும். ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான். கேமராவுக்குள் இருக்கும் சின்னக் கணினி ஓய்ந்துபோனால், சூடேறினால், கார்டிலிருந்து பதில் வரத் தாமதமானால், கவுண்டரில் ஆள் இல்லை. வரிசை அப்படியே நிற்கும்.

எம்டிபிக்கும் ஒரு நியாயம் உண்டு. கணினி கார்டைக் கைப்பற்றாததால், திடீரென்று பிடுங்கினாலும் கார்டின் கோப்பு முறைமை சிதையும் ஆபத்து குறைவு. ஆனால் அந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை அதிகம். ஆயிரக்கணக்கான டைம்லாப்ஸ் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால், பட்டியல் வந்து சேரும்வரை அது காலியாகவே தெரியும். பயந்துபோய் ரத்து செய்தால் கேமரா முழித்துக்கொண்டு நிற்கும், பேட்டரியைக் கழற்றிப் போட்டால்தான் மீளும். விண்டோஸில் இதற்கு டிரைவ் எழுத்து கிடையாது. ஆகவே ரோபோகாப்பி போன்ற, விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரிந்த கருவிகளுக்கு இங்கே நுழைவில்லை. பிடிபியில் கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள், அதாவது 4 ஜிகாபைட் வரைதான் எண்ண முடியும். எம்டிபி அதைத் தாண்ட வழி வைத்தாலும், எல்லா மென்பொருளும் அந்த வழியில் போகவில்லை. மேக்குக்காக கூகுள் முன்பு தந்த ஆண்ட்ராய்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பைத் தொட்டதில்லை.

மேக்கின் ஃபைண்டரில் எம்டிபி கருவி தெரியவே தெரியாது. இமேஜ் கேப்சர் வழியாகத்தான் போகவேண்டும். ஐரோப்பாவில் விற்கப்படும் விண்டோஸ் 'என்' பதிப்பில் மீடியா ஃபீச்சர் பேக் என்பதைத் தனியாக நிறுவாமல் எம்டிபி வேலை செய்யாது. அங்கிருந்து லேப்டாப் வாங்கிவந்த உறவினர் "கேமரா செத்துப்போச்சு" என்றால் முதலில் இதைக் கேளுங்கள். கோப்ரோவின் அண்மை மாடல்களில் இணைப்பு அமைப்புக்குள் 'எம்டிபி', 'கோப்ரோ கனெக்ட்' என்று இரண்டு தேர்வுகள் உண்டு. வீடியோ கூட்டத்துக்காக என்றோ ஒருநாள் இரண்டாவதை வைத்துவிட்டு மறந்தவருக்கும் கார்டு தென்படாது.

ஒரே கேமராவுக்கு இரண்டு மென்பொருள்கள் அடித்துக்கொள்வது இன்னொரு வினோதம். செருகியவுடன் ஃபோட்டோஸ் செயலி எட்டிப்பார்க்கும், கோப்ரோவின் குவிக் எட்டிப்பார்க்கும், நாமும் எக்ஸ்புளோரரைத் திறப்போம். லினக்ஸில் கோப்பு மேலாளர் பின்னணியில் கேமராவைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஜிஃபோட்டோ போன்ற நிரலுக்குக் கைகாட்டிவிடும். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லத் தெரிந்த கருவியிடம் மூன்று பேர் கேள்வி கேட்டால் என்ன ஆகும்? தானாகத் திறக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓடவிடுவது நான் பார்த்தவரை பாதி வீடுகளில் பிரச்சினையைத் தீர்த்திருக்கிறது. காசும் செலவில்லை.

மீதமிருப்பது கார்டு. கடைசியாகச் சந்தேகிக்கப்படுவதும், முதலில் சந்தேகிக்கப்படவேண்டியதும் அதுதான். மைக்ரோஎஸ்டி கார்டில் எழுத்து தேய்ந்த இடத்தை அதன் உள்கட்டுப்பாட்டுச் சில்லு பலமுறை படித்து, பிழைதிருத்திப் பார்க்கும். முடியாதபோது தாமதம், பிறகு பிழை. எம்டிபியில் அந்தப் பிழை கணினிக்கு ஒழுங்காக வந்து சேர்வதில்லை. பச்சைக் கோடு நிற்கும், அவ்வளவுதான். ஆனால் தேய்ந்த இடம் நகராது. எத்தனை கேபிள் மாற்றினாலும், எத்தனை கணினி மாற்றினாலும், அதே கோப்பில்தான் நிற்கும். தலைப்பில் உள்ள கேள்விக்கு அர்த்தம் இதுதான். இடம் மாறி மாறி நின்றால் கேபிள், துளை, மின்சாரம், நெறிமுறை என்று வெளியே தேடலாம். அதே கோப்பில் நின்றால் வெளியே தேடுவது வீண்.

போலிக் கார்டு என்று தனி ஜாதி உண்டு. உள்ளே 16 ஜிகாபைட் நினைவகம், வெளியே 128 என்ற அச்சு, கேட்டால் 128 என்று பொய் சொல்லும் சில்லு. இதில் காப்பி எங்கும் நிற்காது. இறங்கிய கோப்புக்குள் படம்தான் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவச நிரல்கள் கார்டை முழுக்க எழுதி, திரும்பப் படித்துக் குட்டை உடைக்கும். வாங்கிய அன்றே செய்யவேண்டிய சோதனை இது. படம் போன பிறகு அதே கார்டில் ஓட்டினால் மிச்சத்தின் மேலும் எழுதிவிடும்.

கோப்பு முறைமையும் தன் பங்குக்கு உண்டு. 32 ஜிகாபைட் வரையிலான கார்டுகள் ஃபேட்32, அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டை எட்ட முடியாது என்பதால்தான் கோப்ரோ நீண்ட பதிவை அத்தியாயங்களாக நறுக்கும் பழக்கத்துக்கு வந்தது. 100 மெகாபிட்டில் ஒரு துண்டு சுமார் ஐந்தரை நிமிடம். பெயரில் முதலிரண்டு எழுத்துக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கம் அத்தியாய எண். கடைசி நான்கு இலக்கம் எந்தப் பதிவு என்பது. ஆகவே அகரவரிசையில் அடுக்கினால் ஒரே பயணத்தின் துண்டுகள் சிதறிக் கிடக்கும். "நடுவில் காணோம்" என்ற புகார்களில் சில வெறும் வரிசைக் குழப்பம்தான். கடைசித் துண்டைத் தவிர மற்றவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கவேண்டும் என்பதும் வசதியான அளவுகோல். நடுவில் ஒன்று மட்டும் இளைத்திருந்தால் அது முழுதாக வரவில்லை.

அப்படிக் குறைப்பிரசவமான எம்பி4 கோப்பு 99 சதவீதம் வந்திருந்தாலும் திறக்காது. எந்தக் காட்சி எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை அந்தக் கோப்புக்குள் உண்டு. பெரும்பாலான கேமராக்கள் பதிவு முடியும்போதுதான் அதைக் கோப்பின் வாலில் எழுதுகின்றன. வால் வரவில்லை என்றால் பிளேயருக்கு முழுக் கோப்பும் வெறும் இரைச்சல். மூலம் கார்டில் நன்றாக இருக்கும் பட்சத்தில் மறுபடி இறக்கினால் போதும். கார்டிலேயே வால் இல்லையென்றால், அதே கேமராவின் நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாக வைத்து அட்டவணையைத் திரும்பக் கட்டும் அன்ட்ரங்க் போன்ற நிரல்கள் இருக்கின்றன. பதிவின் நடுவே மின்சாரம் போன கோப்பை கோப்ரோவே அடுத்தமுறை ஆன் ஆகும்போது சரிசெய்யப் பார்க்கும். அப்போது அவசரப்பட்டு அணைக்கக்கூடாது.

இத்தனையும் பார்த்தபின் என் தீர்ப்பு: காப்பி செய்யும் வேலையிலிருந்து கேமராவை விலக்கிவிடுங்கள். கார்டைக் கழற்றி, நல்ல கார்டு ரீடரில் போடுங்கள். எம்டிபி போயிற்று, பேட்டரி போயிற்று, உப்புப் படிந்த துளை போயிற்று. டிரைவ் எழுத்து வந்தது, ரோபோகாப்பியும் அதுபோன்ற ஆர்சிங்க்கும் வந்தன. யுஹெச்எஸ்-1 வகைக் கார்டின் இணைப்பு நொடிக்கு 104 மெகாபைட் வரை தாங்கும், யுஎஸ்பி 3.0 ரீடரில் 80 கிடைத்தால் நம் 25 நிமிடம் பத்துக்குள் வந்துவிடும்.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. நகத்தளவு கார்டை ஓடும் பேருந்திலோ கடற்கரையிலோ கழற்றுவது, மூக்குத்தியை ஆற்றங்கரையில் கழற்றுவது மாதிரி. நீர்புகா மூடியை அடிக்கடி திறந்தால் அதன் ரப்பர் தளரும். ரீடரில் கார்டு முழுதாகக் கணினியின் கைக்குப் போய்விடுவதால், சரியாக வெளியேற்றாமல் பிடுங்கினால் சேதம். எக்ஸ்ஃபேட்டில் பொதுவாகக் கோப்பு அட்டவணை ஒரே பிரதிதான், மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஜர்னலும் கிடையாது. விண்டோஸ் "ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா?" என்று கேட்கும்போது, படத்தை எடுக்குமுன் ஆம் என்று சொல்லிவிட்டால் மீட்கக்கூடியதையும் அது பெயர் தெரியாத துண்டுகளாக்கிப் போட்டுவிடலாம். மைக்ரோஎஸ்டியை முழு அளவு அடாப்டரில் போட்டு, பக்கத்துச் சிறு பூட்டைக் கீழே தள்ளிவிட்டுப் படிப்பது என் வழக்கம். பூட்டை மதிப்பது ரீடரின் கையில்தான் இருக்கிறது, என்றாலும் ஒரு தடுப்பு. ஃபோனுக்கு இரண்டு துணுக்கு அனுப்ப வைஃபை போதும். 45 ஜிகாபைட்டுக்கு அல்ல.

கேபிளை விட முடியாத நிலை என்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றி, ஓடிவிட்டால் எது குற்றவாளி என்பது கடைசிவரை தெரியாது. காதையும் பயன்படுத்தலாம். கருவி செருகும்போதும் பிடுங்கும்போதும் விண்டோஸ் ஓர் ஓசை எழுப்பும்; யாரும் தொடாமலே அது கேட்டால் இணைப்பு மின்ரீதியாக அறுகிறது. சத்தமே இல்லாமல் கோடு நின்றால் கம்பி பெரும்பாலும் நிரபராதி, கேமராவோ கார்டோ பதில் சொல்லவில்லை. லினக்ஸ்காரர்களுக்குக் கெர்னல் பதிவு இன்னும் தெளிவாகச் சொல்லும்: பிழை எண் 71 என்றால் பேச்சு குழறுகிறது, 110 என்றால் பதில் வரவில்லை.

எல்லாம் ஓடி முடிந்த பிறகும் கட் செய்து பேஸ்ட் செய்யும் பழக்கம் வேண்டாம், காப்பி மட்டும். சினிமாப் படப்பிடிப்பில் கேமரா கார்டுகளைப் பொறுப்பேற்கும் டிஐடி தொழில்நுட்பர்கள், ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, இரண்டு இடங்களில் அது ஒத்துப்போகும்வரை கார்டை ஃபார்மேட்டுக்கு விடமாட்டார்கள். மூன்று பிரதி, இரு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்று புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கும் இதே பயத்திலிருந்து வந்ததுதான். வீட்டுக்காரர்களுக்கு அவ்வளவு வேண்டாம் என்றாலும், இறங்கிய கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் கடைசிப் பத்து விநாடியை ஓட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

வால்பாறைக் கார்டை ஊர் திரும்பிய பின் ரீடரில் போட்டேன். மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் ஒரே கோப்பில் நின்றது, முதல் பதிவின் மூன்றாம் அத்தியாயத்தில். பிறகு டிடிரெஸ்க்யூ நிரலிடம் கார்டை ஒப்படைத்தேன். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் பொறுமைசாலி அது. விடிய விடிய ஓடி, சில துளிகள் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. அத்தியாயம் திறந்தது. ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ பாயின்ட், கீழே ஆழியாறு அணை விரியும் இடம். அங்கே மட்டும் பதினோரு விநாடிக்குத் திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். கேபிள் வாங்கிய காசை நண்பன் இன்னும் கேட்கிறான்.